பக்கத்து சீட்டின் எடை

“பக்கத்து சீட்ல உக்காரப் போறது யாரு? எத்தனை கிலோ?”

நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அதற்கே அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

என் பட்டறையில் அவன் கார் தராசுகளின் மேல் நின்றிருந்தது, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசு. இரண்டே சீட் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே எழுநூறு கிலோதான். ஒரு ஆள் ஏறினால் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆள் எடை தெரியாமல் இதற்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிற மாதிரி.

அதனால் சீட்டில் மணல் மூட்டைகளை அடுக்கித்தான் எடை பார்ப்பேன். பெண்கள் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார்கள், ஆண்கள் தொப்பையை எக்கிக்கொண்டு சொல்வார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஓட்டுகிற சீட்டில் இவன் எடைக்கு மூட்டை வைத்தாகிவிட்டது, அறுபத்தெட்டு. பக்கத்து சீட் காலி.

“எங்க அண்ணன்” என்றான். “எடை தெரியாதுக்கா.”

அண்ணன் எடை தெரியாதாம். காலையிலிருந்து என் உயிரை வாங்கியவன் இவன். இந்த மாதிரி கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கெட்டியான ஸ்பிரிங் கேட்டு அடம்பிடிப்பார்கள். இவன் மட்டும் இருப்பதிலேயே மெத்தென்று இருப்பதைப் போடச் சொன்னான். குழி தெரியக்கூடாது, குலுங்கக்கூடாது, பக்கத்தில் உட்காருகிறவருக்குச் சின்ன அதிர்வுகூட வரக்கூடாது.

“தொட்டில் வேணும்னா தச்சன்கிட்ட போ தம்பி” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் வளைவில் கார் சாயும். எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலும் அது ஆட்டத்தை அடக்குமே தவிர பாரத்தைத் தாங்காது. நாலு தடவை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

வாய் வலித்துப்போய், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பக்கத்து சீட் பக்கம், முன்சக்கரத்துக்கு மேலே, சட்டத்தில் பெரிதாக வெல்டிங் வைத்த தழும்பு. பலமாக அடி வாங்கிய வண்டி.

“யார் ஓட்டும்போது?”

“நான்தான்.”

பக்கத்தில் யார் இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

அண்ணனும் அவனுமாக ஐந்து வருஷம் ஒவ்வொரு நட்டாகத் தேடிச் சேர்த்துக் கட்டிய கார். முதல் நாள் சாவியை அண்ணன் இவன் கையில் கொடுத்து, நீயே ஓட்டுடா என்றாராம். மூன்றாவது வளைவிலேயே வண்டி மோதி, எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனானாம். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்துவிட்டானாம்.

நாலு வருஷமாக அண்ணன் முகத்தில் முழிக்கவில்லை. அவர் கூப்பிட்டால் போனை எடுப்பதும் இல்லை. இப்போது காரைச் சரிசெய்து, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரே ஒரு ரவுண்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும். அவர் ஏறுவாரா, மாட்டாரா? ராத்திரியெல்லாம் அதுதான் கவலையாம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

“ஏறுவாரான்னே தெரியாம எதுக்குப்பா ஸ்பிரிங் மாத்துற? போனைப் போடு, எடையைக் கேளு. இல்லன்னா வண்டியைத் தள்ளிட்டுப் போ.”

போனை எடுத்தான். அண்ணன் பேர் வரைக்கும் போய் விரல் நின்றுவிட்டது. நானே பிடுங்கி, அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, காலி சீட்டின் மேல் வைத்தேன்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

“சொல்றா வாத்து” என்றது குரல், நேற்றுதான் பேசி வைத்த மாதிரி.

வாத்து வாயைத் திறந்தான், மூடினான். முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன்.

“அண்ணே… இப்ப நீ எத்தனை கிலோ இருக்கே?”

நாலு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு.

“ஸ்பிரிங் மாத்துறியா? எனக்காகன்னு மெத்துனு எதையாவது போட்டுத் தொலைச்சுடாதடா, வளைவுல சாய்ச்சுடும். நாம முன்னாடி போட்ட மாதிரியே கெட்டியா போடு. நான் உக்காந்துக்குவேன்.”

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் படித்துப் படித்துச் சொன்னேனே என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு பென்சிலை எடுத்தேன்.

“எடைதானே கேட்ட? செயற்கைக் காலை மாட்டிக்கிட்டா எழுபத்தொன்பது. கழட்டி வெச்சா எழுபத்தாறரை. எதைடா எழுதப் போற?”

என்னால் எதையும் எழுத முடியவில்லை. அவன் கார்க் கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“டேய் வாத்து… இருக்கியா?”

குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

“எதை வேணா எழுதிக்கோ. போனை மட்டும் வெச்சுடாதடா.”