ரிவர்ஸில் வரும் சாவி

அமெரிக்காவின் டோலிடோவில், எங்கள் தேவாலய வாசலில் கண்காட்சிக்காகப் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன, ஞாயிறு வெயில் போனட்டுகளில் வழிகிறது. என்னோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய லோரனின் சிவப்புக் காரில், இப்போது அவனுடைய புது மனைவி கேலீன். இஞ்சினை அணைத்துவிட்டு சாவியை இழுக்கிறாள், வரவில்லை. கியரை ரிவர்ஸில் போட்டால்தான் அந்தக் காரில் சாவி வெளியே வரும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். நான் டோனட்டைக் கடித்தபடி பார்க்கிறேன். நன்றாக இழுக்கட்டும். ரிவர்ஸில் போடுகிறாள், அப்போதும் வரவில்லை. உள்ளே கம்பி தேய்ந்துபோன வண்டி அது, ரிவர்ஸ் மட்டும் போதாது. மீதியை, முழங்கால் கன்றிப்போகக் கண்டுபிடித்தவள் நான். கேலீன் சட்டென்று இடது முழங்காலைத் தூக்கி ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு இடி இடிக்கிறாள். ‘க்ளக்’ என்கிறது. சாவி அவள் விரலில் ஆடுகிறது. நான் பாதி டோனட்டோடு அவள் ஜன்னலருகே போகிறேன்.

“ஏம்மா, அந்த முழங்கால் வித்தைய யாரு சொல்லிக் குடுத்தா?”

“லோரன்தான், ஆர்டித் அக்கா. அவரே கண்டுபுடிச்சாராம். மூளக்காரரு.”

லோரன் ஏற்கெனவே பளபளக்கிற பம்பரை இன்னொரு தடவை துடைக்கிறான், என் பக்கம் திரும்பாமல்.