முப்பத்தஞ்சு அடி கஜேந்திரன்

கஜேந்திரன்னு ஒரு கேரவன் இருந்துச்சு. கட்டில், அடுப்பு, குளிக்கிற ரூமு எல்லாத்தையும் வயித்துக்குள்ள வெச்சிருக்கிற வீட்டு வண்டி. நிஜ நீளம் முப்பது அடிதான். ஆனா யாரு கேட்டாலும் "முப்பத்தஞ்சு"ன்னு அஞ்சடிய வாயாலயே இழுத்து விட்டுரும்.

அதுக்கு ரொம்ப நாளா ஒரே ஆச. மலை மேல இருக்குற வனப் பூங்காவுல, ஏரிக்கரையில நின்னு, தண்ணியப் பாத்துக்கிட்டே காலையில கண்ணு முழிக்கணும்.

மலையேறுற வழி பூரா, பின்னாடி வந்த குட்டி வேன்கிட்டயும் அதே பீலாதான். பூங்கா வாசல்ல இரும்பு கேட்டு குறுக்க நின்னு மறிச்சுது.

"ஏரிக்கரையில முப்பது அடி வரைக்கும்தான் எடம். அதுக்கு மேல போனா கக்கூஸுக்குப் பின்னாடி. நீ எத்தன அடிப்பா?"

கஜேந்திரன் பக்கக் கண்ணாடியில பின்னாடி பாத்துச்சு. உண்மையச் சொன்னா ஏரி கெடைக்கும். ஆனா குட்டி வேன் ரெண்டு லைட்டையும் அகலமா முழிச்சுக்கிட்டு நிக்குதே!

"கெத்தா சொல்லுண்ணே, முப்பத்தஞ்சுன்னு!" வேன் ஆரன் அடிச்சுது.

"ஆமா... முப்பத்தஞ்சு."

வேன் ஏரிக்கரைக்குத் துள்ளிக்கிட்டுப் போச்சு. கஜேந்திரன் கக்கூஸ் சுவர மோந்துக்கிட்டு நின்னுச்சு. பக்கத்துல ஏற்கெனவே ஒரு கேரவன் நின்னுச்சு.

"அண்ணே, நீங்க எத்தன அடி?"

"நாப்பது."

கஜேந்திரன் ஓரக்கண்ணால அளந்து பாத்துச்சு. மூஞ்சிக்கு மூஞ்சி சரியா இருந்துச்சு. பின்னாடி பம்பருக்குப் பம்பரும் சரியா இருந்துச்சு.

"பாத்தாலே தெரியுதுண்ணே"ன்னுச்சு.

அப்புறம் ரெண்டும் சேந்து சுவரப் பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க.