பூச்சட்டைக்காரி

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவள் கம்லானின் சட்டையைப் போட்டிருந்தாள். சிவப்பில் மஞ்சள் பூ, முழங்கையில் கம்லானே தைத்த ஒட்டு. தலையில் இருந்ததும் கம்லானின் தொப்பிதான். அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கியதால் முகம் தெரியவில்லை.

மகளின் பிரசவத்துக்காகக் கம்லான் குவாங்சோ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேற்று பக்கத்துத் தோட்டத்து மோக் போன் செய்து, குழந்தையை விசாரித்துவிட்டு, "உங்க தோட்டத்துல ஒரு அம்மா வாத்து மேய்க்கிறாங்களே, யாரு அண்ணி?" என்று கேட்டான். பேரனை மகள் மடியில் போட்டுவிட்டு, கம்லான் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே, அதனால் கணவன் தக்வாவிடம் மூச்சு விடவில்லை.

லிச்சி மரங்களுக்கு அடியில் பெருவாத்து விட்டது கம்லானின் யோசனை. புல்லை அதுகள் தின்றுவிடும், எச்சம் மரத்துக்கு உரம். களைக்கொல்லி வாங்குவதையே மறந்துவிட்டார்கள்.

தொல்லை ஒன்றுதான். குஞ்சிலிருந்து வளர்த்த கம்லானைத் தவிர யார் உள்ளே நுழைந்தாலும் கடித்துத் துரத்தும். தக்வாவுக்கே வெளியே காட்ட முடியாத இடத்தில் தழும்பு இருக்கிறது. அவள் ஊருக்குக் கிளம்பும்போது, "நான் எப்படிச் சமாளிப்பேன்?" என்று அழாத குறையாகப் புலம்பியவன், பிறகு போனில் கேட்டபோதெல்லாம் "அதெல்லாம் பழகிடுச்சு" என்று சொல்லிப் பேச்சை மாற்றினான்.

இப்போது அதே வாத்துகள் பூச்சட்டைக்காரியின் காலைச் சுற்றிக் குழைந்துகொண்டிருந்தன. புருஷன் போனால் போகிறான், வாத்துகளுமா கைவிட வேண்டும்?  கம்லான் வேலியோரம் கிடந்த மூங்கில் கழியை எடுத்தாள்.

"அடிச்சிடாதீங்க அண்ணி."

மோக் ஓடிவந்தான். தலையில் எண்ணெய் மினுங்கியது, சட்டை சலவைக்குப் போய் வந்திருந்தது. மனைவியை இழந்து நாலு வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறவன். அவன் மூச்சு வாங்கச் சொன்னதிலிருந்து கம்லானுக்கு விளங்கியது இதுதான்: ஒரு வாரமாக, இலையில் கட்டி அவித்த பன்றிக்கறிச் சோற்றை வேலியில் தொங்கவிட்டு வருகிறான். சாயங்காலம் வந்து பார்த்தால் வெறும் இலைதான் இருக்கும். என்ன கேட்டாலும் அவள் பதில் சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறாள்.

"இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமான பொம்பளைய எங்க பார்க்க முடியும்?" என்றவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தங்க மோதிரத்தை எடுத்துக் காட்டினான். "நான் கட்டிக்கிறேன் அண்ணி. உங்க குடும்பத்துக்கும் குழப்பம் இருக்காது."

யோசனை கம்லானுக்கு நல்லதாகத்தான் பட்டது. ஆனாலும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் அவளை அனுப்ப மனசு வரவில்லை. மகள் வாங்கிக் கொடுத்த புது நீலக் கோட்டின் கையை மடித்து விட்டுக்கொண்டு, படலைத் திறந்து உள்ளே நுழைந்தாள்.

வாத்துகள் நிமிர்ந்து பார்த்தன. அடுத்த நொடி கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு பாய்ந்தன. "நான்தான், நான்தான்" என்று கம்லான் கத்தியது எடுபடவில்லை. கழியைப் போட்டுவிட்டு ஓடினாள். கைக்கு எட்டிய லிச்சி மரத்தில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு செருப்பு வாத்து வாயில் போயிற்று.

பூச்சட்டைக்காரி ஓடிவந்து கையை வீசினாள். வாத்துகள் சாதுவாக ஒதுங்கிப் புல்லைக் கொறிக்க ஆரம்பித்தன. வேலிப் பக்கம் மோக் மோதிரத்தைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் மரத்தடிக்கு வந்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தொப்பித் துணியை மெல்லத் தூக்கினாள். உள்ளே ஒரு வாரத் தாடி.

"சீக்கிரம் இறங்கி இந்தச் சட்டைய நீ மாட்டிக்கடி, அவன் மோதிரத்தோட வந்து நிக்கிறான்."