துருவின் மேல் கறுப்பு

பட்டறை வாசல் வெயிலில், கார் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் பூச்சில்லாத புதியது. “இதுக்குப் பெயிண்டே போதுங்களா, துருப் புடிக்காம பவுடர் கோட்டிங் பண்ணிரலாங்களா?” என்று மெக்கானிக் கேட்கிறார். காரின் சொந்தக்காரரான பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி உடைந்ததையே பார்க்கிறார். ஆயுத பூஜைக்குப் பளபளத்தால் போதுமென்று, துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவர் அவர்தான். இப்போது அந்தப் பெயிண்ட் தோலாக உரிந்து, உள்ளிருந்து துரு செங்கல் பொடியாக உதிர்கிறது. டிரைவர் மூக்கையாவின் விபத்தில் முறிந்த கை மாவுக்கட்டோடு கழுத்துத் துண்டில் தொங்குகிறது. “பள்ளத்தப் பாக்காம விட்டது என் தப்புதான் மொதலாளி. வண்டிய நீங்க நல்லாத்தான் வச்சிருந்தீக” என்கிறான் அவன். கிட்டுசாமி அவன் முகத்தைப் பார்க்காமல், “பவுடர் கோட்டிங்கே பண்ணீருங்க” என்று மெக்கானிக்கிடம் சொல்கிறார். பிறகு, உடைந்த இரும்பில் துரு தெரியும் பக்கத்தைச் செருப்பு நுனியால் மெல்லத் தரைப் பக்கமாகப் புரட்டுகிறார்.