மேகத்தில் இருந்தது

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் பொம்மைகளைப் பொறுக்கி வைத்து, எங்கள் வீட்டையே படக்கதையாக்கியிருந்தாள் மகள் கௌசி. கல்லுடைக்கும் பொம்மை நான், இருமிக்கொண்டிருந்தேன். போன வருசம்தான் எழுத்துக் கூட்டப் படித்தவன். அந்த ஆசையில், வகுப்பில் மற்ற பெற்றோர் முன்னால் சத்தமாகவே வாசித்தேன். அவள் அம்மா அஞ்சலை பொம்மையின் வாயருகே ஒரு வட்டம்: "வெறும் சளிதாங்க, சரியாயிடும்." தலைக்கு மேலே ஒரு மேகம். அதையும் விடாமல் வாசித்தேன்: "நெஞ்சு பூரா கல்தூசி. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" கௌசி என் சட்டையை இழுத்தாள். "மேகத்துல இருக்கறது மனசுக்குள்ளப்பா. யாருக்கும் கேக்கக் கூடாது." வீட்டுக்கு வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. அஞ்சலை சுடுதண்ணீரை நீட்டினாள். "வெறும் சளிதாங்க, சரியாயிடும்." நான் அவள் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.