சீசாவில் ஒட்டிய முகம்

வக்கீல் அனந்தபத்மநாப ஐயர் எண்ணெய்ச் சீசாவை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

எண்ணெயை அல்ல. லேபிளில் இருந்த பெண்ணை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மல்லிகை சுற்றிய பின்னல் தோள் வழியாக இறங்கி மடியில் கிடக்கிறது. கண் மூடியிருக்கிறது. கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று நினைத்து ஜனங்கள் வாங்கித் தள்ளுகிறார்கள்.

சாலைக் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் இந்தக் கூந்தல் தைலம்தான். கரமனை அக்கிரகாரத்து மாமிகள்கூடத் தேய்க்கிறார்கள். வழுக்கை வக்கீல் வீட்டிலும் ஒன்று இருக்கும் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

நான் சொர்ணம்மாளுக்குத் துணையாக வந்தவள். பக்கத்து வீடு. இதையெல்லாம் நேரில் கேட்காமல் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

படத்தில் இருப்பது அவள் பெண் நீலாம்பாள். எடுத்தவர் ஸ்டுடியோ ஞானையன். படத்தின் கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டைப் பத்திரமாக வைத்திருந்து, தைலக்காரருக்கு விற்றுவிட்டார்.

பேசித் தீர்க்கலாம் என்று வக்கீல் அவரையும் கூப்பிட்டிருந்தார். ஊராரையெல்லாம் நிமிர்ந்து பார் என்று அதட்டுகிற மனிதர், பெஞ்சின் கோடியில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொர்ணம்மாளுக்கு வேண்டியது ஒன்றுதான். பெண்ணின் முகம் சீசாவிலிருந்து போகவேண்டும்.

காலிச் சீசா குப்பைக்குத்தானே போகும்? போன வாரம் ஓடையில் கிடந்த ஒன்றை எடுத்துக் கழுவி, லேபிள் கிழியாமல் நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு மேலே தலை நீட்டிப் பார்த்தேன்.

வக்கீல் சீசாவைக் கீழே வைத்தார்.

"நம்ம சமஸ்தானம் போய்த் திருக்கொச்சி ஆனப்பறம் இங்கேயும் டெல்லிச் சட்டந்தான். நீங்க காசு குடுத்து எடுக்கச் சொன்ன படம்னா, உரிமை உங்களுக்கு. அவர் விக்கப்படாது. சும்மா எடுத்துக் குடுத்ததுன்னா உரிமை அவருக்கு. யாருக்கு வேணா விப்பார். காசு குடுத்தேளா?"

கொடுத்தேன் என்று சொல்லித் தொலையட்டும் என்று சொர்ணம்மாளை முழங்கையால் இடித்தேன்.

"குடுத்தேன். அவரு வாங்கல்ல."

ஞானையன் குனிந்த தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். ஆமாம் என்றுதான் அர்த்தம்.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் பொண் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்காம இவர் காமிராப் பெட்டியையே திறக்கலை. உங்க வீட்டுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு தயவு?"

எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

சொர்ணம்மாள்தான் சொன்னாள்.

"வாசல்ல அவளுக்குப் பாடை கெட்டிக்கிட்டு இருந்தாவ. அந்நேரம் யாரு சாமி காசு வாங்குவா?"