வேலிக்குள்ளே புழுக்கை

"புழுக்கை! இன்னைக்கும் ஆட்டுப் புழுக்கை!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில், களை பறித்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடு அது. அதன்மேல் மரம் வளர்க்க மூன்று வருடமாகப் படாத பாடு படுகிறார். கன்றுக்குக் கன்று மூன்று மீட்டர், எல்லாம் கயிறு பிடித்து நட்டது. ஒரு விரற்கடை விலகினாலும் பிடுங்கி மறுபடி நடச் சொல்வார். அதனால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'.

இவ்வளவு பாடுபட்டும் பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று. வருகிற திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. மேட்டில் பச்சை தெரியாவிட்டால் வேலையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

"எல்லாம் அந்த ஆட்டுக்காரம்மா வேலை," என்றார் காவலாளியிடம்.

"வேலி எங்கேயும் பிரியலையே சார். கன்னு எதையும் ஆடு கடிச்ச மாதிரியும் தெரியலை."

"அப்போ புழுக்கை என்ன, வானத்துலேருந்து விழுந்துச்சா?"

காவலாளி தலையைச் சொறிந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆட்டுக்காரம்மா, அவளுடைய மகள், பதினெட்டு ஆடுகள். கொட்டகை நின்ற இடமும் சுரங்கத்துக்குத்தான் சொந்தம். ஸ்கேல் விறுவிறுவென்று அங்கே போய் நின்றார்.

"ஏம்மா, ஆட்டை உள்ளே விடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"சத்தியமா என் ஆடு வேலியைத் தாண்டலை சார்."

"புழுக்கை மட்டும் தாண்டி வருதாக்கும்!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டுக்குத் தழை போடப் போனாள். ஸ்கேலுக்கு அது போதும். ஒரு வாரத்துக்குள் கொட்டகையைக் காலி செய்யவேண்டும் என்று அன்றைக்கே கடிதம் தயார் செய்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கையும் களவுமாகப் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டவேண்டும் என்று ஆசை.

மறுநாள் விடியும்போதே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். முழங்கால் வலித்தது. கொசு வேறு பிடுங்கி எடுத்தது.

நன்றாக வெளிச்சம் வந்தபிறகு ஆட்டுக்காரம்மா வந்தாள். கூட ஒரு ஆடுகூட இல்லை. தலையில் கூடை. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டதோடு, கூடையை இறக்க ஒரு கையும் கொடுத்தார்.

'அடப்பாவி, நீயும் கூட்டா!'

அவள் ஒரு குச்சியால் மண்ணைக் குத்தினாள். கூடையிலிருந்து ஒரு பிடி புழுக்கையை அள்ளிப் போட்டு மூடினாள். பக்கத்தில் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். இரண்டு எட்டு தள்ளி இன்னொரு குழி. கையிலிருந்து சிந்தியதெல்லாம் மேலேயே கிடந்தது.

ஸ்கேல் பாய்ந்து வந்தார். "ஆய்வுக்கு வர்ற நேரத்துல குப்பையைக் கொட்டி என் மானத்தை வாங்கப் பாக்கறியா?"

அவள் ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கி அவர் முன்னால் நீட்டினாள். உள்ளே கெட்டியாக ஒரு விதை.

"வேல மரத்து விதை சார். மேல்தோல் கல்லு மாதிரி இருக்கும். சும்மா போட்டா லேசுல முளைக்காது. ஆட்டு வயித்துல ஊறி வந்தா முளைச்சிடும். உரமும் கூடவே இருக்கு."

"இந்த மண்ணுல முளைச்சிடுமா? மூணு வருஷமா நான் படற பாடு..."

"அந்தக் கல்லுக்குப் பின்னாடி பாருங்க."

பார்த்தார். சாண் உயரத்துக்கு ஒரு செடி. அடுத்த கல்லுக்குப் பின்னால் இன்னொன்று. சரிவு முழுக்க நடந்து பார்த்தார். சில செடிகள் இப்போதுதான் கல்லுக்கு மேல் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அறுபது வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"கல்லை எதுக்கு வெச்சே?"

அவள் தயங்க, காவலாளி முந்திக்கொண்டார். "வரிசையில இல்லாததெல்லாம் களைன்னு நீங்கதானே சார் பிடுங்கச் சொல்றீங்க? மொத வருஷம் முளைச்சது பூரா அப்படித்தான் போச்சு. அதான் உங்க கண்ணுல படாம மறைவு வெச்சோம். கல்லு இருந்தா களை பறிக்கிறவங்க கை வெக்க மாட்டாங்க."

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாதது ஸ்கேல் ஒருத்தருக்குத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா விட்டிருப்பீங்களா சார்?"

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்ததால் பேச்சை மாற்றினார். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"காத்தடிச்சா இந்த மேட்டுத் தூசி அத்தனையும் எங்க கொட்டகைக்குள்ளதான் சார். பொண்ணுக்கு ராப்பகலா இருமல். மேலே பச்சை படர்ந்தா தூசி அடங்கிடும் இல்லையா?"

ஸ்கேல் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். வெட்கத்தில் முகம் சுட்டது. ஆனாலும் மனசு முழுக்கச் சந்தோஷம். திங்கட்கிழமை ஆய்வுக்குழுவை இந்தக் கற்களுக்குப் பக்கத்தில்தான் நிறுத்தப்போகிறார். யாருடைய வேலை என்பதையும் சொல்லிவிடப்போகிறார்.

அதோடு இந்த அம்மாவுக்கு ஏதாவது செய்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

"இந்தாங்கம்மா, ஆய்வு முடியட்டும். உங்க பக்கத்து வேலியைப் பிரிச்சுவிடச் சொல்றேன். உங்க ஆடுங்க தாராளமா உள்ளே வந்து மேயட்டும். உங்களுக்கு இல்லாத உரிமையா?"

ஆட்டுக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், திறந்திருந்த கேட்டை இழுத்துக் கொக்கியை மாட்டினாள்.

"ஐயையோ, வேலியில மட்டும் கை வெச்சிடாதீங்க சார்! என் ஆடுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது!"